பாப்பாவை மலேசியாவுக்குச் சட்டம் படிக்க அனுப்பலாமா: பள்ளப்பட்டி அண்ணனுக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் பாப்பாவும் வந்துபோன அன்று, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்கள்: "அனுப்பலாமுங்களா, வேண்டாமுங்களா, ஒரே வார்த்தைல சொல்லிருங்க." என் பதில்: இப்போது வேண்டாம். ஐந்து வருடம் கழித்து தாராளமாக அனுப்புங்கள். அதற்கான காரணத்தை அன்று முழுதாகச் சொல்ல நேரமில்லை. இதே கேள்வியோடு உடுமலையிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பெற்றோர் வருவதால், உங்கள் சம்மதத்தோடு எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாப்பா கேட்டது நல்ல படிப்பு. மலேசியாவின் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1983-ல் தொடங்கியது. அதன் சட்டப் புலத்துக்கு அகமது இப்ராகிம் பெயரை வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரலாக இருந்து, பிறகு மலேசியாவில் சட்டக் கல்வியைக் கட்டி எழுப்பியவர் அவர். அங்கே ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், சாட்சியச் சட்டம் எல்லாம், முந்தைய தீர்ப்புகளை வழிகாட்டியாகக் கொள்ளும் ஆங்கிலேயப் பொதுச்சட்ட முறையில் நடக்கும். கூடவே இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்தின் மூலங்கள், நிக்காஹ், வாரிசுரிமை, வக்ஃபு. நான்கு ஆண்டில் எல்.எல்.பி. முடித்தவர்கள், இன்னும் ஓர் ஆண்டு படித்தால் ஷரீஅத் சட்டத்துக்குத் தனிப் பட்டம் உண்டு.

இன்னொரு விஷயம் பாப்பாவுக்குப் பிடிக்கும். மலேசியாவின் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் நம் 1872-ம் ஆண்டுச் சட்டங்களைப் பார்த்து எழுதியவை. தண்டனைச் சட்டமும் நம் 1860-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்ததுதான். அதனால் பாடம் அந்நியமாக இருக்காது. சிக்கல் வேறு இடத்தில்.

அன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா பையிலிருந்து ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளியது நினைவிருக்கிறதா? அதில் ஒரு கணக்கு. அரவக்குறிச்சிப் பக்கம் எட்டு ஏக்கர் முருங்கைத் தோட்டம் வைத்திருந்தவர் இறந்துபோகிறார். அவருடைய பெற்றோர் ஏற்கெனவே இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஏக்கர். மீதி ஏழில் மகனுக்கு மூன்றரை, மகள்களுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால். ஓரத்தில் பென்சிலால் "கடன் முதலில்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதாவது இறந்தவரின் கடனை அடைத்த பிறகுதான் பங்கு. யாரும் சொல்லித்தராமல் தானே படித்துப் போட்ட கணக்கு அது. இருபது வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளையிடம் இப்படி ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பங்கைக் கேட்டு ஒரு மகள் எங்கே போவாள்? நம் ஊரில் ஷரீஅத்துக்கென்று அரசின் தனி நீதிமன்றம் கிடையாது. முன்சீப் கோர்ட்டிலோ சப் கோர்ட்டிலோதான் பாகப்பிரிவினை வழக்கு போட வேண்டும். பங்கு எவ்வளவு என்பது ஷரீஅத்படி. வழக்கு நடப்பதோ உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி. அப்புறம் பத்திரம், பட்டா, வில்லங்கம். இன்னும் சொல்கிறேன். 1937-ம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தொடாமல் விட்டிருந்தது. 1949-ல் சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து அதையும் உள்ளே சேர்த்தது. பாப்பாவின் நோட்டில் உள்ள முருங்கைத் தோட்டம் அந்தத் திருத்தத்தால்தான் ஷரீஅத் கணக்குக்குள் வருகிறது. இதை மலேசியாவில் யாரும் சொல்லித்தரப் போவதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

அங்கே அமைப்பே வேறு. இஸ்லாமியச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது, ஷரீஅத் நீதிமன்றம் தனியாக நடக்கிறது. அதன் அதிகாரத்துக்குள் இருக்கும் விஷயத்தில் மற்ற நீதிமன்றங்கள் நுழையக்கூடாது என்று 1988-ல் அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த நாட்டு வக்கீலுக்கு அது உயிர்நாடி. கரூர் கோர்ட்டில் நிற்கப்போகிறவருக்கு அது பொது அறிவு, அவ்வளவுதான்.

இப்போது உரிமத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் சட்டம் படித்த இந்தியர் இங்கே வக்கீலாகப் பதிய, இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதி இப்படிச் சொல்கிறது: பிளஸ் டூ முடித்து நேராகச் சேர்ந்திருந்தால், படிப்பு ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர் என்றால் மூன்று ஆண்டு போதும். பல்கலைக்கழகம் பார் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு மேல், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தனித் தேர்விலும் தேற வேண்டும். பாப்பா கேட்பது நான்கு ஆண்டுப் படிப்பு. முதல் படியிலேயே இடறுகிறது, பாருங்கள். சரி, அங்கேயே வக்கீலாக இருந்துவிடலாமே என்றால், மலேசியாவின் 1976-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். இங்கேயும் கதவு பாதி மூடி, அங்கேயும் மூடி. உங்களிடம் பேசிய ஏஜென்ட் இதைச் சொல்லவில்லை. இன்னொரு நாட்டில் சட்டப் பட்டம் வாங்கிவிட்டு, சன்னது, அதாவது வக்கீல் பதிவு, எடுக்க முடியாமல் மூன்று வருடம் அலைந்த ஒரு பையன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறான். நம் பாப்பாவுக்கு அது வேண்டாம்.

அதனால் முதலில் இங்கே பி.ஏ. எல்.எல்.பி., ஐந்து வருடம். அரசு சட்டக் கல்லூரி கோவையில் மருதமலை அடிவாரத்தில் இருக்கிறது. நாமக்கல், சேலத்தில் 2019-ல் புதிதாக வந்தன. உங்களுக்கு நாமக்கல் பக்கம். நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழில் பி.சி.எம். (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) என்று சரியாக இருக்கிறதா, பாப்பாவின் பெயரும் உங்கள் பெயரும் மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 3.5 சதவீத ஒதுக்கீடு ஓர் எழுத்துப் பிழையால் கைவிட்டுப் போகக்கூடாது. மனம் வெளியே போக வேண்டும் என்றே இருந்தால், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மலப்புறம் மையத்திலும் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. அதற்கு அவர்களுடைய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

"இங்கே இஸ்லாமியச் சட்டம் ஒரே ஒரு பேப்பர்தானே" என்று பாப்பா முகம் வாடியது. பாடத்திட்டத்தில் குடும்பச் சட்டத்தின் ஒரு பகுதிதான், உண்மை. ஆனால் இந்தியாவில் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி தீர்ப்புகளில் இருக்கிறது. மணவிலக்கான பெண்ணின் ஜீவனாம்சம் பற்றிய 1985-ன் ஷா பானு வழக்கு, அதற்கு அடுத்த ஆண்டு வந்த சட்டம், அந்தச் சட்டத்துக்கு 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கு கொடுத்த பொருள், முத்தலாக் பற்றிய 2017-ன் ஷயாரா பானு வழக்கு. இந்த வரிசையை ஒரு விடுமுறையில் முழுத் தீர்ப்புகளாகவே படித்தால், அரைகுறையாக எழுதிய புத்தகங்கள் பத்துக்குச் சமம்.

அப்புறம், நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம். பெண் பிள்ளை கோர்ட்டு வாசலில் நிற்பதா என்று. அண்ணா, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு தனியார் ஷரீஅத் அமைப்பு கொடுத்த குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) சான்றிதழ் செல்லாது, குலா கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிப் போகும் ஒரு பெண், மஹரை (மணமகன் தரும் மணக்கொடை) பற்றியும் இத்தாவை (மணவிலக்குக்குப் பின் காத்திருக்கும் காலம்) பற்றியும் தன் வீட்டுக் கஷ்டத்தைப் பற்றியும் யாரிடம் வாய்விட்டுப் பேசுவாள்? நம் பாஷையில் பேசுகிற, இரண்டு சட்டமும் தெரிந்த ஒரு பெண் வக்கீல் கரூரிலோ கோவையிலோ உட்கார்ந்திருந்தால் எத்தனை குடும்பத்துக்கு ஆறுதல் என்று யோசியுங்கள். நான் இதை மனதாரச் சொல்கிறேன்.

ஐந்து வருடம் முடித்து, பதிவு செய்து, பார் கவுன்சிலின் அகில இந்தியத் தேர்வையும் எழுதிவிட்டு, ஒரு சீனியர் வக்கீலிடம் ஓராண்டு வழக்குக் கட்டு தூக்கட்டும். அதற்குப் பிறகு மலேசியா. அதே பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலை இருக்கிறது. கையில் சன்னது இருக்கும், போகிற பாடம் எதற்கு என்பதும் தெரிந்திருக்கும். வட்டியில்லா நிதி ஒப்பந்தங்கள், வளைகுடா வணிகம் என்று வேலையும் விரியும். துபாயின் நிதி மையத்தில் பொதுச்சட்ட முறையில் தனி நீதிமன்றமே நடக்கிறது. கரூர் விரிப்பும் திருப்பூர் பனியனும் அந்தப் பக்கம் போகும்போது ஒப்பந்தத்தைப் படிக்க ஆள் வேண்டுமே.

ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே போட்டுவிடலாம். பாப்பாவை அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் மகன் இல்லாமல் இரண்டு மகள்கள் மட்டும் இருந்தால் பங்கு எப்படி மாறும் என்று கேட்டிருந்தேன். விடை போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறது.