பேஸ் கிட்டாருக்கு எந்த ஆம்ப்? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், நாலு கம்பி. எங்கள் கோவில் பாடற்குழுவில் ஞாயிறு பூசைக்கு வாசிப்பேன். அது போக நண்பர்கள் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்திருக்கிறோம். டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு கிட்டார், அப்புறம் நான். பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்குக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள்.

என்னிடம் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி, கிடையாது. வீட்டில் ஹோம் தியேட்டரில் மாட்டி வாசிக்கிறேன். சத்தம் மந்தமாக, எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி இருக்கிறது. அப்பா கடலுக்குப் போய்விட்டு விடிகாலையில் கரைக்கு வருபவர், பகலில் தூங்குவார். என் அறை 10-க்கு 10. கையில் 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு கடையில் கேட்டால் 100 வாட்ஸுக்குக் கீழே எடுக்காதீர்கள் என்கிறார்கள். நண்பர் ஒருவர் தன் பழைய கிட்டார் ஆம்பைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். கீழக்கரையில் தெரிந்தவர் ஒருவர் துபாயிலிருந்து வாங்கி வருவதாகச் சொல்கிறார். வீட்டுக்கும் குழுவுக்கும் சேர்த்து ஒரே ஆம்ப் வாங்க முடியுமா? எத்தனை வாட்ஸ் வேண்டும்? நம் உப்புக்காற்றில் தாங்குமா?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே ஆம்ப் வாங்கலாம். ஆனால் வீட்டில் அதற்கு ஒரு வேலை, குழுவில் வேறு வேலை. வீட்டில் அது உங்கள் விரல் என்ன செய்கிறது என்பதை உங்களுக்கே காட்டிக்கொடுக்க வேண்டும். குழுவில் உங்கள் வாசிப்பு மற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டாவது வேலையை முழுக்க ஆம்ப் தலையில் கட்ட வேண்டியதே இல்லை. கோவிலில் சவுண்ட் மிக்ஸர் இருக்கிறது, திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் இருக்கிறார். அதனால்தான் வாட்ஸ் கணக்கை முதலில் பார்க்காதீர்கள் என்கிறேன். எந்த ஆம்பாக இருந்தாலும் அதில் என்னென்ன சாக்கெட்டுகள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

முதலில் அந்த ஹோம் தியேட்டர். அது மந்தமாகக் கேட்பதற்கு உங்கள் கையோ கிட்டாரோ காரணம் இல்லை. பேஸின் பிக்கப்பிலிருந்து, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்திலிருந்து, வருவது மிகச் சிறிய சிக்னல். அதை வாங்கிக்கொள்ளும் இடம் சுமார் 10 லட்சம் ஓம்ஸ் அளவுக்கு உயர்ந்த தடையோடு இருந்தால்தான் பிக்கப்பின் துல்லியம் அப்படியே வரும். ஹோம் தியேட்டரின் உள்ளீடு டிவிக்கும் டிவிடி பிளேயருக்கும் செய்தது, அதன் தடை இதைவிடப் பல மடங்கு குறைவு. அதில் மேல்ஸ்தாயி அமுங்கிவிடும். எந்தச் சின்ன பேஸ் ஆம்பில் மாட்டினாலும் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது உங்கள் அறை. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஆம்ப் வாங்கியவர்கள்கூட அறை செய்கிற கோளாறுக்கு ஆம்பைக் குறை சொல்லி மாற்றிவிடுகிறார்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி இருந்தால், சுமார் 57 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தும். அந்தச் சுரம் சுவருக்குச் சுவர் மோதித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். உங்கள் அறை சதுரம் என்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே சுரத்தைத்தான் தூக்கும். கூரையும் 10 அடி உயரம் என்றால் மூன்றாவது ஜோடியும் சேர்ந்துகொள்ளும். ஆம்ப் வந்த அன்று ஒரு சோதனை செய்யுங்கள். தடித்த ஈ கம்பியைத் திறந்தபடி மீட்டி, அங்கிருந்து ஒவ்வொரு கட்டையாக (ஃபிரெட்) ஒரே அழுத்தத்தில் மேலே ஏறுங்கள். ஐந்தாம் கட்டையிலோ ஆறாம் கட்டையிலோ, அதாவது 55 ஹெர்ட்ஸில் இருக்கும் ஏ-யிலோ அதற்கு அடுத்த அரைச்சுரத்திலோ, திடீரென்று அறையே வீங்கும். ஜன்னல் கொக்கி அதிரும். நாலாம் கட்டையிலும் எட்டாம் கட்டையிலும் அந்த வீக்கம் இருக்காது.

இதை முழுக்கத் தீர்க்க முடியாது, குறைக்கலாம். ஆம்பை மூலையில் வைக்காதீர்கள், மூலை அந்த வீக்கத்தை இன்னும் கூட்டும். சுவரை விட்டு நகர்த்தி ஒரு முக்காலி மேல் வையுங்கள். ஆம்ப் உங்கள் முழங்காலைப் பார்த்து வாசித்தால் நடுஸ்தாயி காதுக்கு வராது, குழப்பமான அடிச்சத்தம் மட்டும்தான் வரும். காது உயரத்துக்குக் கொஞ்சம் தூக்கிவிட்டாலோ சாய்த்து வைத்தாலோ உங்கள் விரல் கம்பியை விடுகிற ஓசைகூடக் கேட்கும்.

பகலில் அப்பா தூங்குவதால் உங்கள் சாதகத்தில் பெரும்பகுதி ஹெட்ஃபோனில்தான் நடக்கப் போகிறது. ஆகவே ஹெட்ஃபோன் சாக்கெட் கட்டாயம் வேண்டும். சொருகினால் ஸ்பீக்கர் அடங்க வேண்டும், இதைக் கடையிலேயே சொருகிப் பாருங்கள். போனிலிருந்து பாட்டை உள்ளே அனுப்ப ஆக்ஸ் சாக்கெட்டும் வேண்டும். பாட்டோடு சேர்ந்து வாசிப்பதைப் போன்ற பயிற்சி வேறு கிடையாது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும். அதைக் கேட்டு வளர்ந்த நம்மூர்ப் பையன்களுக்கு ஆசிரியர் தேடி அலைய வேண்டியதில்லை. காதை மூடும் வகை ஹெட்ஃபோனாக வாங்குங்கள். ஹெட்ஃபோனில் இன்னொரு லாபம், அறையின் வீக்கம் அறவே இல்லை. இடது கை சரியாக அழுத்தாத கட்டையின் கிரகிரப்பும், அடக்க மறந்த கம்பியின் முனகலும் அப்படியே கேட்கும்.

இப்போது வாட்ஸ். வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது 10 மடங்கு வாட்ஸ். 40 வாட்ஸை விட்டு 100 வாட்ஸுக்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது 4 டெசிபல்தான். ஒரே வாட்ஸில் ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் 3 டெசிபல் வித்தியாசம் சாதாரணமாகவே இருக்கும். ஸ்பீக்கரின் அளவும் பெட்டியின் கட்டும் அந்த எண்ணைவிட அதிகம் பேசும். ஆம்பெக் பி-15 என்ற ஆம்ப் 1960-இல் வந்தது. 25 வாட்ஸ், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, அவ்வளவுதான். அதை வைத்து அமெரிக்க ஸ்டுடியோக்களில் எத்தனையோ பேஸ் பதிவாகியிருக்கிறது. அதே கம்பெனி 1969-இல் பெரிய அரங்குகளுக்காக 300 வாட்ஸ் எஸ்.வி.டி.யைக் கொண்டுவந்தது. இரண்டும் இரண்டு இடத்துக்கானவை.

ஆனால் கடைக்காரர் சொன்னது பொய்யும் இல்லை. கீழ்ஸ்தாயிக்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டும், அதனால் பேஸுக்குக் கிட்டாரைவிடப் பல மடங்கு வாட்ஸ் தேவைப்படும். உங்கள் குழுவில் நிஜ டிரம்ஸ் இருக்கிறது. மைக் செட் இல்லாத ஒத்திகையில், கையை ஓங்கி அடிக்கிற டிரம்மரோடு 40 வாட்ஸ் ஆம்ப் திணறும். அங்கே 12 அங்குல ஸ்பீக்கரோடு 100 வாட்ஸ் என்பதைத்தான் நான் ஆரம்ப எல்லையாகச் சொல்வேன், 200-க்கு மேல் இருந்தால் நிம்மதி. அப்படியானால் 100 வாட்ஸே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். உங்கள் வாசிப்பில் வீடும் கோவிலும்தான் அதிகம். திருவிழா மேடையிலோ 100 வாட்ஸும் போதாது, மிக்ஸர்தான் கை கொடுக்கும். நடுவில் கிடக்கும் ஒத்திகைக்காக மட்டும் கையிலிருக்கும் பணம் முழுவதையும் போடாதீர்கள். டிரம்மரைக் கொஞ்சம் அடக்கி அடிக்கச் சொல்லுங்கள். ஒத்திகை முழுக்க மெதுவாக வாசிக்கத் தெரிந்த குழு மேடையிலும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும்.

ஆகவே நான் சொல்வது: 10 அங்குல ஸ்பீக்கர், 40 முதல் 50 வாட்ஸ், ஹெட்ஃபோன், ஆக்ஸ், இவற்றோடு மைக் கேபிள் மாட்டுகிற மூன்று பின் லைன் அவுட். ஃபெண்டர் ரம்பிள் 40-இலும் ஆம்பெக் ஆர்.பி.-110-இலும் இவை எல்லாம் இருக்கின்றன. ரம்பிள் 25 மலிவுதான், வீட்டுக்கு மிக நல்ல ஆம்பும்கூட, ஆனால் அதில் இந்த லைன் அவுட் இல்லை. புதியது கைக்கு மீறினால் பழையதைத் தேடுங்கள்.

அந்த மூன்று பின் சாக்கெட்டுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கோவிலில் சாதாரண மைக் கேபிளால் அதை மிக்ஸரோடு இணைத்தால் போதும். கேபிள் நீளமானாலும் இரைச்சல் ஏறாது. கோவில் ஸ்பீக்கர்களில் மக்களுக்குக் கேட்கும், உங்கள் ஆம்ப் உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்டால் போதும். திருவிழாவிலும் அதேதான். மேடைக்கு இரு பக்கமும் அடுக்கியிருக்கும் பாக்ஸ்கள் உங்களுக்காகவும்தான் வந்திருக்கின்றன. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் டெட்ராய்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் வாசித்ததும் பெரும்பாலும் ஆம்புக்கு மைக் வைத்து அல்ல, நேராகப் பதிவு மேசைக்குள்தான்.

மேடை பற்றி ஒன்று, இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுக்காதீர்கள். பேஸின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் உலோக பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. பாடுகிற மைக்கின் உலோக வலை மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்தது. நம் கடற்கரை மேடைகளில் ஆம்புக்கு ஒரு வீட்டிலிருந்தும் மிக்ஸருக்கு ஜெனரேட்டரிலிருந்தும் கரண்டு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் ஈர மணல் வேறு. இரண்டு எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால், கம்பியில் கை வைத்துக்கொண்டு கோரஸ் பாட மைக்கில் உதடு படும் அந்த நொடியில் ஷாக் அடிக்கும். ஆட்களைக் கொன்றிருக்கிற விஷயம் இது. மிக்ஸர் எந்த போர்டில் இருக்கிறதோ அதிலேயே உங்கள் ஆம்பையும் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். உம்மென்று இரைகிறது என்று யாராவது பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்க வந்தால் விடாதீர்கள். இரைச்சலுக்கு லைன் அவுட் பக்கத்திலேயே கிரவுண்டு லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதை அழுத்துங்கள். செருப்பில்லாமல் மேடையில் நிற்காதீர்கள்.

ஒலி பற்றியும் கொஞ்சம். மெதுவாக வாசிக்கும்போது நம் காதுக்குக் கீழ்ஸ்தாயி குறைவாகவே கேட்கும், காதின் இயல்பு அப்படி. அதனால் வீட்டில் எல்லோரும் பேஸ் நாபைத் தூக்கி, நடுவைக் குறைத்துவிடுவார்கள். தனியாகக் கேட்க இதமாக இருக்கும். அதே வைப்போடு குழுவுக்குப் போனால் கிக் டிரம்மும் கீபோர்டின் இடது கையும் உங்களை விழுங்கிவிடும், ஓர் உறுமல் மட்டும் மிஞ்சும். கூட்டத்தில் பேஸைத் தூக்கிக் காட்டுவது நடுஸ்தாயி. குழுவில் வால்யூமைக் கூட்டுவதற்கு முன்னால் மிட் நாபைக் கூட்டுங்கள், பேஸ் நாபைக் கொஞ்சம் இறக்குங்கள். தனியாகக் கேட்டால் கரடாகத்தான் இருக்கும். மற்றவர்கள் சேர்ந்ததும் சரியாக உட்காரும். கீபோர்டு நண்பரிடம் இடது கையைக் கொஞ்சம் ஓய்வில் விடச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுரம் வருமா என்ற சந்தேகமும் வேண்டாம். திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். சின்னப் பெட்டிகளில் அது பலவீனமாகத்தான் வரும், ஆனால் அதன் மடங்குகளான 82-உம் 123-உம் தெளிவாக வரும். அவற்றை வைத்துக் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

நண்பரின் கிட்டார் ஆம்ப் வேண்டாம். மெதுவாக வாசித்தால் கெடுதல் இல்லை, கூட்டினால் அதன் ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம். பல கிட்டார் ஆம்ப்களின் பின்பக்கம் திறந்தே இருக்கும், அதில் கீழ்ஸ்தாயி முன்னும் பின்னும் மோதித் தானே அழிந்துவிடும். துபாய் ஆம்ப் தாராளமாக வாங்கலாம். அங்கேயும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், கேபிளின் பிளக் மட்டும் மாறும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் கவனம் தேவை. அங்கே 120 வோல்ட், பின்னால் எழுதியிருப்பதைப் படிக்காமல் மாட்டினால் போய்விடும்.

உப்புக்காற்றில் ஆம்ப் தாங்கும். முதலில் துருப்பிடிப்பது மூலைத் தகடும் திருகும், அதனால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. தொல்லை தருவது சாக்கெட்டும் நாபும்தான், திருகினால் கரகரவென்று சத்தம் வரும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை லேசாக அடித்து நாலைந்து முறை திருகிவிட்டால் சரியாகிவிடும். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், பருத்தித் துணியால் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். ஆம்பைவிடக் கம்பிகள்தான் சீக்கிரம் போகும். வாசித்து முடித்ததும் துடைத்துவிடுங்கள், அடுத்த முறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டுப் பாருங்கள்.

மதுரைக்குப் போகும்போது உங்கள் பேஸையே எடுத்துக்கொண்டு போங்கள், கடைக் கிட்டாரில் சோதிக்காதீர்கள். ஆம்பின் எல்லா நாபையும் நடுவில் வைத்து, திறந்த ஈ கம்பியை மெதுவாக, பிறகு ஓங்கி வாசியுங்கள். வால்யூம் முக்கால் போனதும் பெட்டி கடகடக்கிறதா, சுரம் உடைகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் கீபோர்டு நண்பரையும் கூட்டிப் போய், அங்கே இருக்கும் கீபோர்டில் உங்களோடு ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்