எங்கே அனுப்பலாம், யார் படிப்பார்கள்? ஆய்வுக் கட்டுரை பற்றிய கேள்வி பதில்

வணக்கம். வெல்டிங் செய்த எஃகில் விரிசல் எப்படி வளர்கிறது என்பதுதான் என் ஆய்வு. பதினெட்டு வருடமாகக் கட்டுரை எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதை மதிப்பாய்வு செய்கிறேன். சில காலமாக ஓர் ஆய்விதழில் துணை ஆசிரியராகவும் இருக்கிறேன். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஆய்வில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கையில் கொஞ்சம் முடிவுகள் இருக்கின்றன. முதலில் கான்பரன்ஸுக்கு அனுப்பட்டுமா, நேராக ஜர்னலுக்கே அனுப்பட்டுமா?

எந்தத் துறை என்று சொல்லவில்லையே தம்பி. பதிலே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கணினி அறிவியலில், அதிலும் மெஷின் லேர்னிங்கில், பெரிய மாநாட்டுக் கட்டுரைதான் முதல் தரம். முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டும், மூன்று நான்கு பேர் மதிப்பாய்வு செய்வார்கள், பெரும்பாலானவை திரும்பி வந்துவிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பினால் போதும், போய்ப் பேசிவிட்டு வரலாம். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது பிறகு வரும் ஆய்விதழ்க் கட்டுரைதான். இயந்திரவியல், மின்னியல் போன்ற பொறியியல் துறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன.

உங்கள் துறையில் என்ன வழக்கம் என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் முப்பது கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே வெளியானது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் வேலையைப் படிக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எந்த ஜர்னல் பெரியது என்று தேடிப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

உங்களிடம் இருப்பது பாதி முடிவுகள்தான் என்றால், மாநாட்டுக்கே போங்கள். வேலை முடிவதற்குள் நாலு பேரின் கேள்வி காதில் விழுந்துவிடுவது பெரிய லாபம்.

பேச்சுக்கு விண்ணப்பித்தேன், போஸ்டர்தான் கொடுத்திருக்கிறார்கள் மேடம். போகாமலே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தயவுசெய்து போங்கள். என் முதல் மாநாட்டில் எனக்கும் போஸ்டர்தான் கிடைத்தது. முகம் தெரியாத ஒருவர் வந்து வரைபடத்தையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஸ்ட்ரெய்ன் கேஜுக்கு வெப்ப ஈடு செய்தீர்களா?" என்று கேட்டார். செய்யவில்லை. ஸ்ட்ரெய்ன் கேஜ் என்பது உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் சிறு உணரி, சூடானால் அதன் அளவீடு மாறும். சோதனை நடக்க நடக்க மாதிரி சூடாகிக்கொண்டிருந்ததால் என் அளவீடு மெல்ல விலகிக்கொண்டே போயிருக்கிறது. ஊர் திரும்பி எட்டு சோதனைகளை மறுபடியும் செய்தேன். பத்து நிமிடப் பேச்சாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. மேடையில் பேசுகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்கவே நேரம் போதாது. போஸ்டர் முன்னால் ஒருவர் அரை மணி நேரம் கூட நின்று பேசலாம்.

பெரும்பாலும் ஏ0 அளவு கேட்பார்கள், அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். நெட்டையா குறுக்கா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், பலகையில் பொருந்தாமல் திண்டாடுகிறவர்களை ஒவ்வொரு மாநாட்டிலும் பார்க்கிறேன். எழுத்தின் அளவு 24 புள்ளிக்கு (பாயின்ட்) கீழே போக வேண்டாம். தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். "வெல்டிங் இணைப்புகளின் சோர்வு ஆய்வு" என்று எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். "விளிம்பைத் தேய்த்தால் விரிசல் தாமதமாகத் தொடங்குகிறது" என்று எழுதினால் நிற்பார்கள். அப்புறம், இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சொன்னதும் நிறுத்திவிட்டு அவர்களைக் கேட்க விடுங்கள்.

தினமும் நாலைந்து மெயில் வருகிறது. "மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் அருமையான கட்டுரையைப் படித்தோம், எங்கள் இதழுக்கு எழுதுங்கள், ஏழு நாளில் வெளியிடுவோம்" என்கிறார்கள். நான் இன்னும் மாணவிதான். எது நிஜம், எது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏழு நாள் என்று சொன்னாலே சந்தேகப்படுங்கள். நான் துணை ஆசிரியராக இருக்கும் இதழில், மதிப்பாய்வு செய்ய இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்கவே பல சமயம் மூன்று வாரம் ஆகிவிடுகிறது. அதன் பிறகு அவர்கள் படிக்க வேண்டும்.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதை 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் சோதித்துப் பார்த்தார். புற்றுநோயை அடக்கும் மூலக்கூறு என்று சொல்லி, துறை தெரிந்த எவரும் உடனே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்தார். எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களுக்கு, அதை அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மாநாடுகளும் இதற்கு விலக்கில்லை. 2005இல் எம்ஐடி மாணவர்கள் மூன்று பேர் எழுதிய சைஜென் என்ற நிரல், அர்த்தமே இல்லாத கணினி அறிவியல் கட்டுரைகளைத் தானாகவே உற்பத்தி செய்தது. அதில் ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2014இல் இப்படிப்பட்ட 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஸ்பிரிங்கர் பதிப்பகமும் ஐட்ரிபிள்ஈ என்ற பொறியாளர் சங்கமும் தங்கள் தொகுப்புகளிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. ஆகவே பெரிய பதிப்பகத்தின் பெயர் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

நான் பார்க்கும் முறை இது. அந்த இதழில் சமீபத்தில் வந்த மூன்று கட்டுரைகளை உட்கார்ந்து படிப்பேன். தரம் அங்கேயே தெரிந்துவிடும். ஆசிரியர் குழுவில் எனக்குத் தெரிந்த பெயர்கள் உண்டா, அவர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பார்ப்பேன். "ஸ்கோபஸில் இருக்கிறோம்" என்று இதழ் சொல்வதை நம்ப மாட்டேன். (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம்.) ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலுக்கே போய் ஐஎஸ்எஸ்என் எண்ணை, அதாவது ஒவ்வொரு இதழுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, போட்டுத் தேடுவேன், இன்னும் சேர்க்கையில் இருக்கிறதா, இடையில் நிறுத்திவிட்டார்களா என்பதையும் பார்ப்பேன். திறந்த அணுகல் இதழ் என்றால் அத்தகைய இதழ்களின் அடைவாக 2003 முதல் இருக்கும் டிஓஏஜே பட்டியலில் தேடலாம்.

இதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நிஜமான இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி, அதே மாதிரி ஓர் இணையதளத்தை உருவாக்கிவிடுகிறார்கள். பெயரைத் தேடினால் பட்டியலில் இருக்கும், பணம் மட்டும் வேறு எங்கோ போகும். அதனால் கூகுளில் வந்த இணைப்பை அழுத்தாமல், பட்டியலில் இருக்கும் இணைப்பு வழியாகவே இதழுக்குள் போங்கள்.

போலி இதழில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அந்த வேலையை வேறு எங்கும் வெளியிடுவது மிகவும் கடினம். திரும்பப் பெறக் கேட்டால் அதற்கும் பணம் கேட்பார்கள். என்னிடம் அழுதுகொண்டே வந்த மாணவர்கள் உண்டு. இரண்டு வருட உழைப்பு அப்படியே மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சிறிய பம்ப் வடிவமைத்திருக்கிறோம். அடுத்த மாதம் மாநாட்டில் காட்டலாம் என்று இருக்கிறோம். காப்புரிமை பிறகு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது சார், வரிசை தலைகீழாக இருக்கிறது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் கண்டுபிடிப்பு எங்கேயாவது பொதுவெளிக்கு வந்திருந்தால், ஐரோப்பாவில் அது புதியது என்று கணக்கில் வராது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் அப்படித்தான். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஒரு வருட அவகாசம் உண்டு, ஆனால் எல்லா நாட்டிலும் அது கிடைக்காது. போஸ்டர், ப்ரிப்ரிண்ட் (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரை), நூலகத்தில் வைத்த ஆய்வேடு, முன்கூட்டியே இணையத்தில் ஏறும் மாநாட்டுச் சுருக்கம் எல்லாமே வெளியீடுதான். சுருக்கம் எந்தத் தேதியில் வெளியாகிறது என்று இன்றைக்கே ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். அதற்கு முன் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். பல நாடுகளில் தற்காலிக விண்ணப்பம் போட வழி இருக்கிறது, அது சீக்கிரம் முடியும். போட்டுவிட்டால் மேடையில் தாராளமாகப் பேசலாம்.

திறந்த அணுகல் கட்டணம் கட்ட என்னிடம் பணம் இல்லை. நல்ல இதழில் வெளியிடவே முடியாதா?

முடியும். சந்தா வாங்கி நடக்கும் இதழ்களில் எழுதுபவர் பெரும்பாலும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. சந்தா, திறந்த அணுகல் இரண்டு வழியும் உள்ள கலப்பு இதழ் என்றால், ஏற்பு வந்த பிறகு ஒரு படிவம் வரும், அதில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். அவசரத்தில் இன்னொன்றை அழுத்திவிடாதீர்கள். கூடுதல் பக்கத்துக்கும் அச்சில் வண்ணப் படத்துக்கும் தனியாக வாங்கும் இதழ்களும் உண்டு, அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் வாங்காத இதழ்கள் இருக்கின்றன, அவற்றை டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ் என்பார்கள். கல்விச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்துபவை. டிஓஏஜே தளத்தில் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். வருமானம் குறைந்த நாட்டு ஆய்வாளர்களுக்குப் பல பதிப்பகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. அனுப்பும்போதே கேட்டுவிட வேண்டும், ஏற்பு வந்த பிறகு கேட்டால் பல இடங்களில் தர மாட்டார்கள்.

சந்தா இதழில் வெளியிட்டாலும், ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை, அதாவது இதழ் பக்கம் வடிவமைப்பதற்கு முந்தைய வடிவத்தை, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சில இடங்களில் குறிப்பிட்ட மாதங்கள் காத்திருக்க வேண்டும். செலவில்லாமல் எல்லாரும் படிக்கலாம். இவ்வளவு நல்ல வழி இருந்தும் பலர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ப்ரிப்ரிண்ட் போட்டால் யாராவது திருடிவிட மாட்டார்களா?

போட்ட தேதி பதிவாகிவிடுகிறது, அதனால் முதலில் செய்தவர் நீங்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இயற்பியலாளர்கள் 1991இலிருந்து, பால் கின்ஸ்பார்க் ஆர்க்கைவ் என்ற ப்ரிப்ரிண்ட் தளத்தைத் தொடங்கியதிலிருந்து, இப்படித்தான் வாழ்கிறார்கள். உயிரியலுக்கு பயோஆர்க்கைவ் 2013இல் வந்தது. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். நீங்கள் அனுப்பப்போகும் இதழ் ப்ரிப்ரிண்டை ஏற்கிறதா என்று முன்பே பாருங்கள். பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் மாநாடு என்றால் அதற்குத் தனி விதிகள் இருக்கும். ப்ரிப்ரிண்டை யாரும் மதிப்பாய்வு செய்திருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம், மேற்கோள் காட்டும்போது அது ப்ரிப்ரிண்ட் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே கட்டுரையை இரண்டு ஜர்னலுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா? எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாமே?

கூடாது. மாட்டினால் இரண்டும் போய்விடும்.

மாநாட்டுக் கட்டுரையை விரித்து ஜர்னலுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்பது இதழுக்கு இதழ் மாறும், 30 சதவீதமாவது புதிது வேண்டும் என்று பல இதழ்கள் கேட்கும். சொற்களைக் கூட்டினால் அது புதிது ஆகாது, புதிய சோதனையோ புதிய பகுப்பாய்வோ வேண்டும். இதழ் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் முந்தைய கட்டுரையைக் குறிப்பிட்டு, எது கூடியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் எழுதியது மென்பொருள். முடிவு என்று பெரிதாக எதுவும் இல்லை. இதையும் வெளியிட முடியுமா அக்கா?

கண்டிப்பாக. இதைக் கேட்டதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்ற இதழ் 2016 முதல் வருகிறது, கட்டணம் இல்லை. கட்டுரை சில பக்கங்கள்தான் இருக்கும். மதிப்பாய்வாளர்கள் உங்கள் நிரலையே நிறுவி, ஓட்டிப் பார்த்து, ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள், எல்லாம் வெளிப்படையாக நடக்கும். தரவு மட்டும் இருந்தால் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் செனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். தரவுக் கட்டுரைகளுக்கென்றே தனி இதழ்களும் இருக்கின்றன.

ஆய்வில் எதுவும் செய்யாத ஒருவரின் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார் என் கைடு. என்ன செய்வது?

கஷ்டமான நிலைதான், எனக்குப் புரிகிறது. நேராக மறுத்துப் பேசினால் உறவு கெடும் என்று பயப்படுவீர்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஒருவரைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. வேலையில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் அவர் கட்டுரையாசிரியர். பல இதழ்கள் இப்போது ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று பட்டியலும் கேட்கின்றன. அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், "சார், இவர் பெயருக்கு எதிரே என்ன எழுதட்டும்?" என்று கேளுங்கள். நன்றி சொல்லும் பகுதியில் சேர்க்கலாமே என்று நீங்களே ஒரு வழியையும் முன்வையுங்கள். பல இடங்களில் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று முறை நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது மதிப்பாய்வாளர் மிகவும் கடுமையாக எழுதியிருக்கிறார். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது மேடம்.

விடாதீர்கள். கடிதத்தை மூன்று நாள் மூடி வைத்துவிட்டு, பிறகு கருத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒரு கோப்பில் வரிசையாக ஒட்டுங்கள். தொனியை விலக்கிப் பார்த்தால் கேள்வி மட்டும் மிஞ்சும். "கட்டுரையாசிரியர்களுக்கு அடிப்படையே தெரியவில்லை" என்ற வரிக்குள், "நீங்கள் எடுத்துக்கொண்ட எல்லை நிபந்தனைக்குக் காரணம் சொல்லவில்லை" என்பது ஒளிந்திருக்கும். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், நாம் அங்கே தெளிவாக எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியைத் திருத்திவிடுங்கள். அதே துறையில் அடுத்த இதழுக்கு அனுப்பும்போது அவரிடமே மறுபடி போகவும் வாய்ப்பு உண்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

1964இல் இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸின் ஒரு கட்டுரையை பிசிக்ஸ் லெட்டர்ஸ் இதழ் திருப்பி அனுப்பியது. அவர் அதில் சில பத்திகளைச் சேர்த்து பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸுக்கு அனுப்பினார். புதிய துகள் ஒன்று, பின்னாளில் ஹிக்ஸ் போசான் என்று அழைக்கப்பட்டது, இருக்க வேண்டும் என்பது சேர்த்த அந்தப் பகுதியில்தான் வந்தது.

உங்கள் மூன்று நிராகரிப்புக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பேராவது சொன்ன குறை எது என்று பாருங்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் முதல் பதிலில் சொன்ன அந்த முப்பது கட்டுரைப் பட்டியலில் இருக்கும் நான்காவது பெயருக்கு அனுப்புங்கள்.