எந்தப் படிப்பு நிலைக்கும் என்று கேட்கும் அப்பாவுக்கு

கணக்குப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்த உங்களை, புதிய மென்பொருள் வந்த கையோடு ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மகளுக்காக, இயந்திரம் கைவைக்க முடியாத படிப்பு எது என்று கேட்கிறீர்கள். அப்படியொரு பட்டியல் என்னிடம் இல்லை, ஐயா. இருப்பதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், சில ஆண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016இல் சொன்னவர் ஜெஃப்ரி ஹின்டன். செயற்கை நுண்ணறிவின் முன்னோடி. அந்த மருத்துவர்களுக்கு இன்றும் கிராக்கிதான்.

அமெரிக்காவில் 1920க்கும் 1940க்கும் இடையில் ஊர் ஊராகத் தானியங்கித் தொலைபேசி வந்தது. இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களின் வேலை போனது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். அடுத்து வேலை தேடி வந்த இளம்பெண்கள் வேறு துறைகளில் சேர்ந்துகொண்டார்கள். ஏற்கெனவே ஆபரேட்டராக இருந்தவர்களோ, பத்தாண்டு கழித்தும் மற்றவர்களைவிட அதிகமாக வேலையின்றியோ குறைந்த சம்பளத்திலோ இருந்தார்கள். 'புதிய வேலைகள் பிறக்கும்' என்று மேடையில் முழங்குகிறார்களே, அது பொய்யில்லை. யாருக்குப் பிறக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அடி விழுந்தது உங்களுக்கு. அந்த வலியை வைத்து மகளின் படிப்பை முடிவு செய்யாதீர்கள். புள்ளியியல் பிடிக்கும் என்கிறாளா, சேரட்டும். ஆனால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவுக்கும் கணிதத்துக்கும் எத்தனை தாள்கள், ஏதோ ஒரு மென்பொருளைப் பழக்குவதற்கு எத்தனை தாள்கள் என்று எண்ணுங்கள். இரண்டாவது அதிகமென்றால் வேறு கல்லூரி தேடலாம். வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்குவது மட்டும் வேண்டாம். நடுவில் துறை மாற வேண்டி வந்தால், மாதத் தவணை அவளை நகரவிடாது.

வேலை போனது அவளுக்குத் தெரியாது, தினமும் காலையில் பையோடு கிளம்பிவிடுகிறேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்பது எப்போதோ புரிந்திருக்கும். காரணம் தானோ என்றுகூட நினைத்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த முறை அவள் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வரும்போது நீங்களும் வாருங்கள். வங்கிக் கணக்கைப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கவும், எந்த வவுச்சரைச் சந்தேகப்பட வேண்டும் என்றும் தெரிந்த ஆள் சிறு நிறுவனங்களுக்கு இன்னும் தேவை. உங்கள் இடத்தைப் பிடித்த அதே மென்பொருளில் ஒரு குறுகிய பயிற்சி எடுத்துக்கொண்டால் பேச்சைத் தொடங்க வசதியாக இருக்கும். வரும்போது உங்கள் சுயவிவரக் குறிப்பையும் எடுத்து வாருங்கள்.