அப்பா பெயரில் இருந்த மண்ணடி இரும்புக் கடை: அவருக்குப் பிறகு நடத்துவது எப்படி?

செம்புதாஸ் தெருவில் அப்பா தனி உரிமையாளராக நடத்திய கம்பி, பைப் கடை. ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். அவர் தவறிவிட்டார், அம்மா, நீங்கள், தம்பி இருக்கிறீர்கள். அடுத்து என்ன என்பது உங்கள் கேள்வி.

இப்படிப்பட்ட கடையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வரி இல்லை, வெளிப்பாக்கி. யாருக்கு 30 நாள் தவணை, யாருக்கு 60 நாள், யாரிடம் கைமாற்று என்பதெல்லாம் அப்பாவின் மனக்கணக்கில் இருந்திருக்கும். சரக்கு போட்டவர்கள் உடனே வந்து நிற்பார்கள். தர வேண்டியவர்களில் சிலர், "அப்பா கையிலேயே கொடுத்துட்டேனே தம்பி" என்பார்கள். காரியம் முடிந்த வாரமே கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்ட்டி வாரியாக நிலுவை எடுங்கள். பில் எண், தேதி, தொகை எழுதி, ‘இந்தத் தேதியில் இவ்வளவு பாக்கி சரி’ என்று கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஓடும். வழக்கு வரை போனால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதாது, இறந்தவருக்கு வர வேண்டிய கடனை வாரிசு வசூலிக்க உரிமை தரும் சக்ஸஷன் சர்ட்டிபிகேட்டை நீதிமன்றத்தில் வாங்க வேண்டும்.

அன்றே சரக்கையும் எண்ணுங்கள். ஏட்டில் டன் இருக்கும், குடோனில் கம்பி எண்ணிக்கைதான் இருக்கும். விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு சுமார் 10.67 கிலோ. வித்தியாசம் பெரிதாக வந்தால் இப்போதே தெரிவது நல்லது. ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் பழி தம்பி மேல் விழும்.

ஜிஎஸ்டி எண் பான் எண்ணோடு ஒட்டியது, பெயர் மாற்ற முடியாது. புது எண்தான். ‘உரிமையாளர் மரணம்’ என்று காரணம் காட்டி 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். இங்கே பலரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பழைய எண்ணின் நிலுவை ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து, ஆடிட்டர் சான்றோடு, வரி வரவைப் புது எண்ணுக்கு மாற்றும் ஐடிசி-02 படிவம் போட்டு, புது எண்ணில் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழையதை ரத்து செய்ய வேண்டும். முதலிலேயே ரத்து செய்தால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, மாட்டிக்கொள்ளும். இரும்புக்கு 18 சதவீதம், 10 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 1,80,000 ரூபாய். ரத்தான 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 இறுதி ரிட்டர்ன். ஓடிபி எல்லாம் அப்பாவின் சிம்முக்குத்தான் வரும், அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அது இல்லையென்றால் இறப்புச் சான்றிதழோடு உங்கள் பகுதி ஜிஎஸ்டி அலுவலரிடம் போய், வாரிசை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அந்த சிம்மை வைத்து அவர் கணக்கிலிருந்து மட்டும் பணம் எடுக்காதீர்கள். அவர் கையெழுத்துப் போட்டு வைத்த செக்குகளும் அப்படியே. பின்னால் பங்குத் தகராறு வந்தால் அதுதான் முதல் குற்றச்சாட்டு. கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையையும் கழற்றுங்கள், அந்தப் பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் இருந்தால் சரக்கு வங்கிக்கு அடமானம். மேலாளரிடம் நீங்களாகவே போய்ச் சொன்னால் கடனைப் புதுப் பெயருக்கு மாற்றிப் பேச வழியுண்டு. கடை வாடகையை ஒரு மாதம்கூட விடாமல் வங்கி வழியே கட்டி, ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் புது எண் யார் பெயரில் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால், இந்து வாரிசுரிமைப்படி அவருக்கும் சம பங்கு உண்டு. இதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் பெயரில் நடத்துவதென்றால் மற்றவர்களின் பங்கு என்ன, எப்போது, எப்படித் தரப்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டாக என்றால் நீங்களும் தம்பியும் மட்டும் போதாது, அம்மாவையும் பங்குதாரராகச் சேருங்கள். இரண்டே பேர் உள்ள நிறுவனம் ஒருவர் இறந்ததும் கலைந்துவிடும். ‘தொடர்ந்து நடக்கும்’ என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் செல்லாது. மூன்று பேர் இருந்தால் அந்த வாசகம் செல்லும்.