பொதுச்சுவர் இருக்கும் பழைய வீட்டை ஜேசிபி வைத்து இடிக்கலாமா?

வீட்டை ஒரே நாளில் ஜேசிபி வைத்துத் தள்ளிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வதாகவும், ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்தச் சுவரில் அவர்கள் வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கலாம். இயந்திரம் உங்கள் பக்கம் இழுக்கும் இழுப்பு நேராக அங்கே போகும்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, ஒரு கட்டடப் பொறியாளரை வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். அவர்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல் ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். இடிக்கும்போது விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டினால் வேலையை உடனே நிறுத்திவிடலாம். பின்னால் சண்டையும் வராது.

பொதுச்சுவரை ஒட்டிய பகுதியைக் கையால், மேலிருந்து கீழாக உடைத்துத் தனியாகப் பிரித்த பிறகே மற்றதற்கு இயந்திரம். கூலி கூடும்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மெயினை அணைத்தால் போதாது. மீட்டர் வரை வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும், இணைப்பையே துண்டிக்கச் சொல்லுங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்க வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

அப்புறம், சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரென்றால் செங்கல் உடையாமல் பிரிந்து வரும். எடுத்து அடுக்கி வையுங்கள். கதவு, ஜன்னல், மரச்சட்டங்களையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.