முன்பாரமா, பின்பாரமா? ட்ரெயிலர் கேள்வி-பதில்

ஏப்ரல் பிறந்தால் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். மே மாதத்து விக்ரோறியா நாள் விடுமுறைக்கு வண்டிலை வெளியே எடுக்கவேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். (வானுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு முகாமிடப் போகும் சின்ன வீடான ட்ரெயிலரை நான் வண்டில் என்றுதான் சொல்வேன். மாட்டுவண்டில் நின்ற வீட்டில் வளர்ந்தவள், அந்தச் சொல்தான் வாயில் வரும்.) இம்முறை ஐந்து கடிதங்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, எங்களுடையது 17 அடி ட்ரெயிலர். வானில்தான் இழுக்கிறோம். 401 நெடுஞ்சாலையில் போமன்வில் தாண்டி 105 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது பெரிய லொறி ஒன்று முந்தினால் போதும், பின்னால் பாம்பு நெளிவதுபோல் ஆடுகிறது. மனைவி இனி வரவே மாட்டேன் என்கிறார். ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி வாங்கிப் பூட்டச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஏஜக்ஸ்

பதில்: தம்பி, கம்பியை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள். பாரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

எங்கள் ஐயா வெங்காயம் ஏற்றிச் சந்தைக்குப் போவார். மூட்டைகளை அடுக்கி முடித்த உடனே மாட்டைப் பூட்டமாட்டார். நுகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். பஞ்சுபோல் மேலே வந்தால் "பின்பாரம்" என்று சொல்லி இரண்டு மூட்டையை முன்னுக்கு இழுப்பார். அசையவே இல்லை என்றால் "முன்பாரம், மாட்டின் கழுத்து புண்ணாகும்" என்று ஒன்றைப் பின்னுக்குத் தள்ளுவார். உங்கள் வண்டிலுக்கும் அதே கணக்குத்தான். மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில், அதாவது வானின் ஹிச் (இழுவைக் கொளுவி) குண்டில் வந்து உட்காரும் முனையில், இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் வண்டில் ஆடத் தொடங்கும். லொறி தள்ளும் காற்று ஒரு சாட்டுத்தான்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் நிறை பார்க்கச் சொல்லி எழுதினேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முறையைச் சொல்கிறேன். சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, வானைக் கழற்றிவிடுங்கள். குளியலறையில் நிறை பார்க்கும் தராசை மூக்குக்குக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள். இழுக்கும்போது மூக்கு இருக்கும் அதே உயரத்தில் கட்டையின் தலை இருக்கவேண்டும். ஜாக்கை மெல்ல இறக்குங்கள், முழுப் பாரமும் தராசில் வரட்டும். மொத்த நிறைக்கு, லொறிகள் தங்கும் இடங்களில் இருக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தால் சரி.

உங்களிடமிருந்து வந்த கணக்கு: மொத்தம் 1,310 கிலோ, மூக்கில் 70. ஐந்து சதவீதம் சொச்சம்! கூடவே அனுப்பிய படத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பின் பம்பரில் மூன்று சைக்கிள். தாங்கியோடு சேர்த்து 45 கிலோ என்கிறீர்கள். அது ஆக்சிலுக்கு, அதாவது சில்லுகள் பூட்டிய அச்சுக்கு, 2.7 மீற்றர் பின்னால் தொங்குகிறது, மூக்கு ஆக்சிலுக்கு 3.3 மீற்றர் முன்னால். துலாவில் பின்பக்கம் ஏறி நிற்பதுபோல, அந்தச் சைக்கிள்கள் மட்டுமே மூக்கிலிருந்து கிட்டத்தட்ட 37 கிலோவைத் தூக்கிவிடுகின்றன. அவற்றை வானின் கூரைக்கு மாற்றுங்கள். அப்புறம் பின் அலுமாரியில் இருக்கும் அரிசிப் பை, கறிச்சட்டிகள், தண்ணீர்க் கான்கள் எல்லாம் 30 கிலோ தேறும். அவற்றை முன் இருக்கைக்குக் கீழே வையுங்கள். மூக்கில் 143 வரும், பதினொரு சதவீதம். வானின் ஹிச்சில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள். இழுவை எல்லை 3,500 இறாத்தல் என்றால் மூக்குக்குப் பெரும்பாலும் 350 இறாத்தல், அதாவது 159 கிலோ, எழுதியிருக்கும். அதற்குள் நிற்கிறீர்கள். ஆனால் மூக்கின் பாரமும் கூரைச் சைக்கிள்களும் வானில் ஏறியிருக்கும் ஆட்களோடு சேர்ந்து வான் சுமக்கக்கூடிய பாரத்துக்குள் கணக்கு என்பதை மறக்கவேண்டாம்.

இதற்குப் பிறகும் கம்பி வேண்டும் என்றால் பூட்டுங்கள், நல்லது. அது ஆட்டத்தை மட்டுப்படுத்தும், பின்பாரத்தைத் திருத்தாது.

ஒன்றை மனைவிக்கும் சொல்லி வையுங்கள், அவரும் ஓட்டுவார்தானே. ஆடத் தொடங்கினால் வேக மிதியிலிருந்து காலை எடுக்கவேண்டும். வானின் பிறேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது, ஸ்ரியறிங்கை இடமும் வலமும் வெட்டக்கூடாது. வண்டிலின் பிறேக்கை மட்டும் கையால் பிடிக்கும் விசை இருந்தால் அதை மெல்ல அமர்த்துங்கள். வண்டில் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குத்தான் பிறேக் கட்டாயம். நீங்கள் அதற்கு 50 கிலோ கீழே நிற்கிறீர்கள். இருந்தாலும் உங்கள் பிறேக் வேலை செய்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன்.

கேள்வி: பீற்றர்பரோ பக்கம் ஒருவர் 1974ஆம் ஆண்டு போலர் 13 அடி ட்ரெயிலரை விற்கிறார். புதுப் பெயின்ற், புது மெத்தை, முட்டை மாதிரி அழகு. பிள்ளைகள் இப்போதே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?
– ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: ஒரு பழைய காட்போட் மட்டையும் ரோச் லைற்றும் கொண்டுபோங்கள். உள்ளே ஏறமுன் கீழே படுங்கள்.

போலரின் உடம்பைப்பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. 1968இல் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் முதன்முதலில் செய்த வகை வண்டில் இது. அதற்குமுன் அவர் கண்ணாடியிழையில் செப்ரிக் தொட்டி வடிவமைத்தவர். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஓடுகளை வார்த்து நடுவில் ஒட்டியிருப்பார்கள். மரச்சட்டத்தின் மேல் தகரம் அடித்த வண்டில்களைப்போலச் சுவருக்குள் உக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதனால்தான் ஐம்பது வருடம் தாண்டியும் ஓடுகின்றன, விலையும் இறங்கமாட்டேன் என்கிறது.

பிழைப்பதும் சாவதும் கீழே இருக்கும் இரும்பில்தான். சட்டம் வளையும் இடங்கள், ஆக்சில் பிடிக்கும் இடம், மூக்குக் கம்பி உடம்புக்குக் கீழே நுழையும் இடம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். தலைமயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் வெல்டிங் செய்பவரிடம் காட்டாமல் இழுக்கக்கூடாது. புதுக் கறுப்புப் பெயின்ற் அந்த இடத்தில் மட்டும் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆக்சில் அடுத்தது. அதற்குள் வில்லு இல்லை, இரப்பர்தான் அந்த வேலையைச் செய்கிறது. இரப்பர் முப்பது வருடத்தில் இறுகிப்போகும். ஜாக்கால் ஒரு பக்கத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நிலத்தைவிட்டு எழும்பும்போது சில்லு கீழே தொங்கவேண்டும். உடம்போடு ஒட்டினபடியே எழும்பினால் அந்த ஆக்சில் செத்துவிட்டது, புது ஆக்சிலின் காசை விலையில் கழித்துப் பேசுங்கள். ரயரின் பூ புதிதாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். பக்கத்தில் டொட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்த ரயர். அத்தனை வயதான ரயரில் பிள்ளைகளின் வண்டிலை இழுக்கக்கூடாது.

பிறகு உள்ளே போங்கள். தரையில் இருப்பது ஒட்டுப்பலகை, அது உக்கும். மூலைகளில் குதிகாலால் அழுத்துங்கள். யன்னல் விளிம்பிலும் றிவற் தலைகளிலும் வெள்ளை சிலிக்கோன் அப்பிக் கிடந்தால் ஒழுக்கை மூடப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் வண்டிலையும் முதலில் ஒரு திருத்துமிடத்தில் அப்படித்தான் சிலிக்கோன் பூசித் தந்தார்கள். அடுத்த மழையில் ஒழுகியது. சிலிக்கோனின் மேல் வேறெதுவும் ஒட்டாது, அதைச் சுரண்டி எடுக்கவே எனக்கு இரண்டு வாரவிடுமுறை போனது. யன்னலைக் கழற்றி, பழையதைத் துடைத்து, பியூட்டில் என்னும் ஒட்டும் இரப்பர் நாடா வைத்து இறுக்குவதுதான் சரியான வைத்தியம்.

கேள்வி: அம்மம்மாவுக்கு 81 வயது, நெடுநேரம் இருந்தால் கால் வீங்குகிறது. ஓடும்போது ட்ரெயிலருக்குள் கட்டிலில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி, பிறம்ரன்

பதில்: கூடாது பிள்ளை. ஒன்ராறியோச் சட்டம் இழுபடும் ட்ரெயிலருக்குள் ஆட்கள் இருப்பதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. உள்ளே சீற் பெல்ற் இல்லை, காயப்பட்டால் உங்களுக்குக் கேட்கவும் கேட்காது. அம்மம்மாவை வானின் முன் இருக்கையில் இருத்துங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வண்டில் பின்னால் வருவதன் நன்மையே அதுதான்: எங்கே நிறுத்தினாலும் கட்டிலும் கழிவறையும் கூடவே இருக்கின்றன. அரை மணி நேரம் படுத்து எழும்பட்டும், தேத்தண்ணி வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: கடந்த ஒக்ரோபரில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வடியவிட்டுத்தான் மூடினோம். இப்போது பார்த்தால் குழாய் இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. ஏன்?
– ஒரு தம்பதி, பிக்கறிங்

பதில்: தொட்டி வடிந்தது, குழாய் வடியவில்லை. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் வீங்கும். வளைவுகளிலும் பம்புக்குள்ளும் தங்கிய ஒரு குவளைத் தண்ணீர் போதும் வெடிக்க. இவ்வருடம் முதல் உறைபனிக்குமுன் தண்ணீர் சூடாக்கியை அணைத்து, ஆறவிட்டு, வடித்து, அதற்குள் ஒன்றும் போகாதபடி பைபாஸ் வால்வைத் திருப்பிவிடுங்கள். திருப்ப மறந்தால், பிறகு விடும் உறைதடுப்பு நீரில் சூடாக்கியின் தொட்டியே இருபது லீற்றருக்குமேல் குடித்துவிடும். அப்புறம் பம்பால் இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரை இழுத்து, ஒவ்வொரு குழாயையும், சூடு, குளிர் இரண்டு பக்கமும், இளஞ்சிவப்பு வரும்வரை திறங்கள். கைகழுவும் தொட்டியின் கீழ் வளைவுக்குள்ளும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் பச்சை நீர் வேண்டவே வேண்டாம், அது நஞ்சு.

கேள்வி: எங்களிடமும் ஒரு போலர் இருக்கிறது. செப்ரெம்பரில் பழைய கண்ணாடியிழை ட்ரெயிலர்காரர்கள் ஒன்றுகூடுகிறார்களாம். எங்களைப்போல யாரும் அங்கே இருக்கமாட்டார்கள் என்று கணவர் தயங்குகிறார். போனால் என்ன செய்வது, என்ன கொண்டுபோவது?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: போங்கள். நான் 2012இல் முதல்முறை போனபோது, பரி சவுண்ட் தாண்டி, கில்பெயார் பூங்காவுக்குத் திரும்பும் சந்தியில் கருகிய கிறீஸ் மணத்தது. இறங்கி வலது சில்லின் நடுக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், அடுப்புப்போல் அனல். ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். பெயர்கூடக் கேட்காமல் பக்கத்து வண்டில் கிழவர் ஒருவர் ஜாக்கோடு வந்தார். சில்லைக் கழற்றினால் பெயரிங் நீலம் பாரித்திருந்தது. அவர் தன் பெட்டியிலிருந்து பழைய பிஸ்கற் தகரம் ஒன்றை எடுத்தார். அதற்குள் எண்ணெய்த் தாளில் சுற்றிய பெயரிங் ஒரு சோடி. எங்கள் இருவருக்கும் ஒரே ஆக்சில், ஒரே அளவு.

அவர் பூட்டித் தரவில்லை. என்னைப் பூட்டவைத்தார். உள்ளங்கையில் எலுமிச்சங்காய் அளவு கிறீஸ். பெயரிங்கின் அகலமான வாயை அந்தக் கிறீஸில் குத்திக் குத்தி இழுக்கவேண்டும், மறுபக்கத்தில் உருளைகளுக்கு நடுவால் புழுப்போல் வெளியே வரும்வரை. கொஞ்சம் திருப்பி மறுபடி. முழு வட்டமும் அப்படி. "மேலே பூசினால் பூசினதுதான், உள்ளே போகாது" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் நானே செய்கிறேன். சில்லைத் திருப்பிப் பூட்டியபின் 80 கிலோமீற்றரில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்குவதும் அவர் சொல்லித் தந்ததுதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பின்னேரம் எல்லோரும் கதவைத் திறந்து வைப்பார்கள். யாரும் யாருடைய வண்டிலுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம், அலுமாரி எப்படிச் செய்தீர்கள், ஒழுக்கை எப்படி அடைத்தீர்கள் என்று கேட்கலாம். உங்கள் கணவரின் தயக்கம் அந்தப் பின்னேரத்தோடு போய்விடும். மீன் பொரிப்பதென்றால் வெளியே அடுப்பை வையுங்கள். சுவரில் ஒட்டிய நுரைத்தோல் அந்த மணத்தை வருடக்கணக்கில் வைத்திருக்கும், சின்ன அறைக்குள் காஸ் அடுப்பை நெடுநேரம் எரிப்பதும் ஆபத்து. சட்டியைக் கழுவி, எண்ணெய்ப் போத்தலோடு காருக்குள் பூட்டுங்கள். கரடி வரும் இடம் அது.

ஒரு சோடி பெயரிங்கும் கொண்டுவாருங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் வேறொருவருக்கு வேண்டியிருக்கும். என்னுடையது அதே பிஸ்கற் தகரத்தில்தான் இருக்கிறது, கிழவர் அதைத் திருப்பி வாங்கவே இல்லை. நடுவில் பச்சைக் கோடு ஓடும் வண்டில் என்னுடையது. கதவு திறந்திருக்கும், ஏறுங்கள்.