பிஎச் மீட்டர் செய்கிற மகனுக்கு எதை வாங்கித் தருவது?

கேள்வி: சென்னிமலைப் பக்கம், நொய்யலை ஒட்டி எங்கள் தோட்டம். கிணற்றுத் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு), உப்பு இரண்டையும் பார்க்க டிப்ளமோ படிக்கும் மகன் ஒரு கருவி செய்கிறான். "சாதாரண 358 ஐசி போதும், சாஃப்ட்வேரை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்கு" என்று கடையில் சொன்னார்களாம். சரிதானா?

பதில்: இல்லைங்க, தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். காசு போக வேண்டியது தண்ணீரில் விடும் ப்ரோப்புக்கும் அதை ஒட்டி வரும் முதல் ஐசிக்கும்தான்.

தண்ணீர் ஒரு பிஎச் மாறினால் கண்ணாடி ப்ரோப் தருவது 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட். அந்தக் கண்ணாடியின் மின்தடையோ 100 மெகா ஓம் அளவில் இருக்கும். கடையில் சொன்ன 358, அதாவது எல்எம்358-ன் உள்ளீட்டில் ஓடும் மின்னோட்டத்தை 20 நானோ ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2 வோல்ட்! 59 மில்லிவோல்ட்டைத் தேடும் இடத்தில் 2 வோல்ட் பிழையை வைத்துக்கொண்டு எந்த சாஃப்ட்வேர் என்ன செய்யும்? எல்எம்சி6482 என்ற ஐசியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் இந்த மின்னோட்டம் பிக்கோ ஆம்பியரிலும் சிறு பகுதிதான்; 3 வோல்ட்டிலேயே ஓடும். வேறு ஐசி கொடுத்தால் டேட்டாஷீட்டில் இந்த மின்னோட்டத்தைச் சொல்லும் 'இன்புட் பயஸ் கரண்ட்' வரியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஐசியைப் போர்டில் சால்டர் வைத்துப் பற்றவைத்த பிறகு, அதில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸ் பசையையும் விரல் பிசுக்கையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். ஐப்பசி மழையில் என் போர்டில் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. துடைத்துக் காயவைத்ததும் நின்றது.

உப்புக்கு வரும் ப்ரோப்பில் நேர்மின்சாரம் விடக் கூடாது, முனைகளில் அயனி சேர்ந்து கணக்கு கெடும். மாறுமின்சாரம் விடும் மாடியூலா என்று கேளுங்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் கூடும், அதனால் டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரும் வேண்டும். இரண்டு ப்ரோப்பையும் ஒரே டம்ளரில் விட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். தனித்தனி டம்ளர் போதும்.

அப்புறம் சாஃப்ட்வேர். நிரல் எழுத உதவும் அர்டுயினோ ஐடிஇ இலவசம். இருபது முறை அளந்து நடு எண்ணை எடுக்கும் சின்ன நிரலை உங்கள் மகனே எழுதிவிடுவான். நிரல் ஓடுவது இஎஸ்பி32 போர்டு என்றால் அதிலுள்ள ஏடிசியை (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) நம்பாமல் ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அளவு சரிபார்க்கும் பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசல்) 4-ஐ விட 7-ம் 9.18-ம் உங்களுக்குப் பொருந்தும். நம் பக்கக் கிணறுகள் பெரும்பாலும் 7-க்கு மேல்தான்.

ப்ரோப் வாங்கும்போது மூடிக்குள் திரவம் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். காய்ந்து கிடந்ததை வாங்காதீர்கள். வீட்டில் டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைத்தாலும் கெடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஒரு பாட்டில் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.